7805 கொதிக்கிறதா? எல்எம்2596 மொடியூலை வாங்கலாமா?

வாங்கலாம். சில நூறு ரூபாவுக்கு வரும் அந்தச் சின்ன நீலப் பலகை, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் எல்எம்2596 ஸ்டெப் டவுன் மொடியூல், அதைத்தான் சொல்கிறேன். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் 3 அம்பியரை நம்பி வாங்க வேண்டாம், பார்சலைப் பிரித்த கையோடு போர்டில் பொருத்தவும் வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால் உங்களுடைய 7805, அதாவது வரும் வோல்ட்டை 5 ஆக்கும் அந்த மூன்று கால் சிப், ஏன் கொதிக்கிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சிலருக்கு இந்த மொடியூல் தேவையே படாது.

எங்களுக்குத் தேவைப்பட்டது நிலாவெளியில் மாமா வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு. தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சர், எல்லாவற்றையும் நடத்த ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை, மோட்டரையும் முற்றத்து லைட்டையும் போட்டு நிறுத்த இரண்டு ரிலே, ஒரு சின்ன எல்சிடி. எல்லாம் ஓடுவது 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரியில், அதைச் சார்ஜ் பண்ண கூரையில் ஒரு சோலார் பனல். 12 ஐ 5 ஆக்குவதற்கு என் தம்பி வழக்கமான சர்க்கிட் ஒன்றைப் பார்த்து 7805 போட்டிருந்தான். இரவில் ஒழுங்காக ஓடும், காலையிலும் ஓடும், வெயில் ஏறி பதினொன்று பன்னிரண்டு ஆனதும் தானாக நின்று, கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வந்து, திரும்ப நின்று, ரிலே இரண்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மாமா அதற்குப் "பேய் பிடிச்ச பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்.

பேயெல்லாம் இல்லை, கழித்தலும் பெருக்கலும்தான். 7805 ஒரு லீனியர் ரெகுலேட்டர். 5 வோல்ட்டுக்கு மேலே எவ்வளவு வந்தாலும் அந்த மேலதிகத்தைச் சூடாக்கித்தான் தீர்க்கும், வேறு வழி அதற்குத் தெரியாது. உள்ளே வரும் வோல்ட்டில் வெளியே போகும் வோல்ட்டைக் கழித்து, ஓடும் கரண்டால் பெருக்கினால் சூடு வாட் கணக்கில் வந்துவிடும். பெயருக்குத்தான் 12 வோல்ட் பற்றரி, மதியம் பனல் சார்ஜ் ஏற்றும்போது முனையில் அளந்தால் 14 தாண்டி நிற்கிறது. இரண்டு ரிலேயும் இழுத்திருக்கும் நேரத்தில் 5 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 300 மில்லிஅம்பியர் ஓடுகிறது: ரிலே ஒன்றுக்கு 70 சொச்சம், மிச்சம் ஈஎஸ்பி32 இன் வைஃபையும் எல்சிடி வெளிச்சமும். 14 இல் 5 போனால் 9, 9 தர 0.3, ஆக 2.7 வாட்.

கேட்க சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹீட்சிங்க் (சூட்டை ஆற்றும் உலோகத் துண்டு) இல்லாத டீஓ-220 உடம்புக்கு, அதாவது 7805 இன் அந்த உலோக முதுகு வடிவத்துக்கு, ஒரு வாட்டுக்கு 65 பாகை செல்சியஸ் ஏறும் என்று டேட்டாஷீட், தயாரிப்பாளரின் விபரத்தாள், சொல்கிறது. 2.7 வாட்டுக்கு 175 பாகை. அதோடு சுற்றுப்புறச் சூட்டையும் கூட்ட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைப் பக்கம் நிழலிலேயே 35 வந்துவிடும், வெயிலில் மாட்டிய மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 225. உள்ளே இருக்கும் சிலிக்கனுக்கு அனுமதித்த எல்லை 125. உண்மையில் அது 225 வரை போகாது. 150 ஐ நெருங்கும்போதே உள்ளே இருக்கும் பாதுகாப்பு வெட்டிவிடும், ஆறியதும் திரும்பத் திறக்கும், திரும்பச் சூடேறும். மாமாவின் பேய் அதுதான். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இதற்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர்.

அப்போ ஹீட்சிங்க் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன அலுமினியத் துண்டு ஏறக்குறைய ஒரு வாட்டுக்கு 20 பாகை, சிப்பின் உள்ளேயிருந்து உலோக முதுகுக்கு வர இன்னொரு 5. 25 தர 2.7, கிட்டத்தட்ட 68, பெட்டியின் 50 ஐயும் கூட்டினால் 118. ஓடும், ஆனால் எல்லைக் கோட்டில் நின்று ஓடும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு போக இடமில்லாமல் பெட்டியின் 50 ஐயே 60 ஆக்கிவிடும், அதையும் மறக்கக்கூடாது. பெட்டி உலோகம் என்றால் கதை வேறு. 7805 இன் முதுகு கிரவுண்டோடுதான் இணைந்திருக்கிறது, கிரவுண்ட் ஆன உலோகப் பெட்டியில் கரண்டைத் தடுக்கும் மைக்காத் தகடு இல்லாமலே நேரடியாக முறுக்கிவிடலாம், பெட்டியே ஹீட்சிங்க் ஆகிவிடும். இதே பழக்கத்தில் எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டரை முறுக்கிவிடாதீர்கள், அதன் முதுகு அவுட்புட்.

7805 க்கு முன்னால் 10 ஓம் 5 வாட் சீமெந்து ரெசிஸ்டர் ஒன்றை வைக்கச் சொல்லி ஒரு பழைய யோசனையும் உண்டு. 0.3 அம்பியரில் அது 3 வோல்ட்டை, 0.9 வாட் சூட்டை, தன் தலையில் எடுத்துக்கொள்ளும். ரெகுலேட்டர் நிம்மதியாகும், பெட்டிக்குள் மொத்தச் சூடு ஒரு சொட்டும் குறையாது. அதைவிட நல்லது ரிலேயை 12 வோல்ட் ரிலேயாக மாற்றி, சுருளை நேரே பற்றரியில் கொடுப்பது. 5 வோல்ட் பக்கம் 140 மில்லிஅம்பியர் உடனே குறையும், சூடு 1.4 வாட்டுக்கு இறங்கும், அந்தச் சின்ன ஹீட்சிங்கே தாராளம். வெறும் சென்சர், ஒரு எல்இடி என்று 50 மில்லிஅம்பியர் எடுக்கும் போர்ட் உங்களுடையது என்றால் 0.45 வாட்தான், 30 பாகை கூட ஏறாது, 7805 ஐ அப்படியே விடுங்கள். அது சத்தமில்லாத, சாகாத சாமான்.

இன்னொரு வகைச் சூடு இருக்கிறது, கணக்குக்குள் அடங்காதது. லோடு, அதாவது கரண்ட் எடுக்கும் சாமான், எதுவும் கொடுக்காமலே கொதித்தால் மொடியூல் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, போர்டில் வேறு எங்கோ பிழை. சும்மா இருக்கும்போது 7805 தனக்கென்று எடுப்பது 5 முதல் 8 மில்லிஅம்பியர், அதில் சூடு தெரியவே கூடாது. தெரிந்தால் முதலில் கால்களைப் பாருங்கள். எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். பழைய டிவி போர்டில் கழற்றிய சாமான் என்றால் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை வாசியுங்கள், 7905 என்று இருந்தால் அது மைனஸ் ரெகுலேட்டர், கால் ஒழுங்கும் வேறு. 78எம்05 என்றால் அரை அம்பியர்தான் தாங்கும். அடுத்தது கப்பாசிட்டர். இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபரட், இரண்டும் காலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பற்றரியிலிருந்து நீள வயர் வந்து கப்பாசிட்டரும் இல்லாவிட்டால் ரெகுலேட்டர் உள்ளுக்குள் அலையடிக்கத் தொடங்கும், மீட்டரில் 5 வோல்ட் சரியாகத்தான் காட்டும், கை வைத்தால் சுடும். எலெக்ட்ரோலிட்டிக் திருப்பிப் போட்டிருந்தாலும், ஈயம் இரண்டு பாதைக்கு நடுவில் வழிந்திருந்தாலும் இதே கதைதான். கை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு அளவு: 50 பாகையில் விரல் தாங்கும், 60 தாண்டினால் விரல் தானாகவே விலகும்.

சரி, மொடியூலுக்கு வருவோம்.

டவுனில் ரேடியோ டிவி திருத்தும் கடைகளில் 7805 கேட்டால் எடுத்துத் தருவார்கள், இந்த மொடியூல் எனக்குக் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து பார்சலில் எடுத்தேன். ஃபோனில் "அண்ணா, ஒரிஜினல் சிப்தானே?" என்று கேட்டதற்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "தம்பி, இந்த விலைக்கு ஒரிஜினல் கேட்டா எப்படி?" நேர்மையான மனுஷன். அவர் சொன்னது உண்மைதான், ஒரிஜினல் எல்எம்2596 சிப்பைத் தனியாக வாங்கினாலே இந்த முழு மொடியூலின் விலையைத் தாண்டும்.

உள்ளே இருப்பது ஸ்விட்சிங் ரெகுலேட்டர். மேலதிக வோல்ட்டை எரிக்காமல், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, சுருளில் சேர்த்துத் தேவையானதை மட்டும் அனுப்பும். 80 சதவீதம் அளவில் திறன் என்று வைத்தால், எங்களுடைய 5 வோல்ட் 0.3 அம்பியருக்கு வீணாகும் சூடு 0.4 வாட்டுக்கும் குறைவு. 2.7 எங்கே, 0.4 எங்கே. சூட்டை விட எனக்குப் பெரிதாகப் பட்டது பற்றரிதான். 7805 இல் 5 வோல்ட் பக்கம் 300 எடுத்தால் பற்றரியும் 300 கொடுக்க வேண்டும், மொடியூலில் பற்றரி கொடுப்பது 150 சுற்றுவட்டம்தான். மார்கழி மழையில் இரண்டு நாள் வெயிலே காணாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி வாங்குகிறவர்களை ஏமாற்றும் இடம். மொடியூலில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கும், அதைத் திருப்பித்தான் வோல்ட்டை வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டிலும் இருக்கலாம், ஆகவே லோடு கொடுக்காமல், பற்றரியையும் மீட்டரையும் மட்டும் மாட்டித் திருப்புங்கள். திருப்புவீர்கள், ஒன்றும் நடக்காது. இன்னும் திருப்புவீர்கள், மீட்டர் அதே 12 இல் நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் "செத்த சாமான் அனுப்பிவிட்டான்" என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார்கள். சாமான் சாகவில்லை. திருகு 10 கிலோஓம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 25 சுற்று. கூட இருக்கும் ரெசிஸ்டர் 330 ஓம், போர்டில் 331 என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் வருவது 1.23 ஐ அடிப்படையாக வைத்து. திருகு 10 கிலோஓமில் நின்றால் மொடியூல் 38 வோல்ட் கொடுக்கப் பார்க்கும், 12 தான் வருகிறது என்பதால் வந்ததை அப்படியே விடும். திருகு 3 கிலோஓமுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மீட்டர் அசையும், அதற்குப் பதினெட்டுச் சுற்று போல போகும். பெரும்பாலும் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பொறுமையாகத் திருப்புங்கள், அசையத் தொடங்கினால் 5 தாண்டி மளமளவென்று இறங்கிவிடும். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்சலுக்குள் போட்டால் விற்கிறவர்களுக்கே பாதித் தலையிடி குறையும்.

அந்தத் திருகு எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணமும் இருக்கிறது. நிலாவெளியில் கடல் பக்கத்து வீட்டுச் சுவரில் மாட்டும் எதற்கும் உப்புக் காற்று முதலில் தேடிப் போவது இப்படியான அசையும் தொடுப்புகளைத்தான். திருகின் உள்தொடுப்பு துருப்பிடித்து விட்டுப்போனால் மொடியூல் வோல்ட்டைக் குறைக்காது, முழுக்கத் திறந்துவிடும். 14 வோல்ட் நேரே ஈஎஸ்பி32 க்கு. ஆகவே வோல்ட் சரி என்று பார்த்த பிறகு திருகைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்துவிட்டேன். 330 க்கு 1000, கணக்குப் போட்டால் 4.96 வோல்ட், இதைவிட என்ன வேண்டும். அதற்கு மேலே இரண்டு பூச்சு நெயில் பாலிஷ், மனைவியின் அலுமாரியிலிருந்து, நிறமில்லாதது இல்லாததால் றோஸ் நிறம். இன்புட்டில் ஒரு 1 அம்பியர் ஃபியூஸும் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் பிளஸ் மைனஸ் மாறினால் காப்பாற்ற இந்தப் பலகையில் ஒன்றுமே இல்லை.

3 அம்பியர் கதைக்கு வருகிறேன். 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகக் கட்டி 1 அம்பியரில் ஓடவிட்டேன். சிப் சூடுதான், ஆனாலும் கை தாங்கியது. இரண்டை இணைத்து 2 அம்பியர் ஆக்கினால் சிப்பும் பக்கத்து டயோடும் சேர்ந்து கொதித்தன, விரல் வைக்க முடியவில்லை. 10 வாட் வெளியே போகும்போது 80 சதவீதத்தில் 2.5 வாட் வீண், அதை ஆற்ற இருப்பது அந்த முத்திரை அளவுச் செம்புப் பரப்பு மட்டும். ஆகவே ஹீட்சிங்க் இல்லாமல் 1 அம்பியர், ஒட்டினால் ஒன்றரை, எங்கள் ஊர் வெயிலில் அதற்கு மேல் கேட்காதீர்கள். விளம்பரத்தில் இருக்கும் 3 என்பது ஒரிஜினல் சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்கும் எண், இந்தப் பலகைக்கான வாக்குறுதி இல்லை.

ஒரிஜினல் 150 கிலோஹெர்ட்ஸில் திறந்து மூடும். அதே பெயரை முதுகில் அச்சடித்து வரும் நகல்கள் பல 50 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் ஓடுகின்றன. நண்பனின் ஒசிலோஸ்கோப்பில் என்னுடையதும் அந்த ஜாதி என்று தெரிந்தது. அதனால் என்ன என்றால், பலகையில் இருக்கும் சுருளும் கப்பாசிட்டரும் 150 க்கு என்று தேர்ந்தவை, 50 இல் ஓடும்போது ரிப்பிள், அதாவது வெளியே வரும் வோல்ட்டின் நடுக்கம், கூடும். ஈஎஸ்பி32 கவலைப்படவில்லை. அல்ட்ராசோனிக் சென்சர்தான் சில நேரம் தாங்கியில் இல்லாத தண்ணீரைக் காட்டியது. சென்சரின் காலடியில் 100 மைக்ரோஃபரட் ஒன்றும் 0.1 செரமிக் ஒன்றும் வைத்த பிறகு அடங்கிவிட்டது.

அடங்காதது மாமாவின் ரேடியோ. இரவில் மத்திய அலையில் இந்திய நிலையங்களைத் தேடிக் கேட்கிற ஆள் அவர். பெட்டி மாட்டிய சுவருக்கு அடுத்த பக்கம் ரேடியோவை வைத்தால் பாட்டுக்கு நடுவே ஒரு தேனீக்கூட்டம். இது நகல் என்பதால் மட்டும் இல்லை, ஒரிஜினலிலும் 150 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் மத்திய அலைக்குள்தான் விழும். பண்பலையில் ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவைத் திண்ணைக்கு மாற்றி சமாளித்திருக்கிறோம், மாமா இன்னும் முறைக்கிறார். ஒலிபெருக்கி, ரேடியோ, நுண்ணிய அளவீடு என்று வேலை செய்கிறவர்கள் மொடியூலை 7 அல்லது 8 வோல்ட்டுக்கு வைத்து, அதற்குப் பின்னால் ஒரு 7805 போடலாம். இரண்டு வோல்ட் சொச்சம்தான் எரிக்க வேண்டும் என்பதால் சூடு குறைவு, ரிப்பிளையும் பெரும்பாலும் அதுவே விழுங்கிவிடும்.

மற்றச் சாமான்களோடு ஒப்பிட்டால்: 7805 போலவே லீனியர் வகையான ஏஎம்எஸ்1117 போர்டுகளை 12 வோல்ட்டில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அதன் உச்சம் 15 வோல்ட் என்றாலும் அந்தக் குட்டி உடம்பு 200 மில்லிஅம்பியரிலேயே வெந்துவிடும். 7805 இன் அதே மூன்று துளையில் உட்காரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள் இருக்கின்றன, ரீகொம் கம்பனியின் ஆர்-78 வகை, போர்டை மாற்றாமல் கழற்றி மாட்டிவிடலாம். அழகான சாமான், விலை மட்டும் இந்த மொடியூலைப் போலப் பல மடங்கு. இடம் குறைவு என்றால் எம்பி1584 என்ற விரல்நகம் அளவு மொடியூலும் நல்லது, எல்எம்2596 ஐ விடத் திறன் கூடியது, ஆனால் அதன் திருகு ஒரே சுற்று, கை நடுங்கினால் அரை வோல்ட் தாண்டிவிடும். லொறி, படகு என்று 24 வோல்ட் பற்றரியில் வேலை செய்கிறவர்கள் அதை எடுக்க வேண்டாம். 24 வோல்ட் பற்றரி சார்ஜில் 28.8 வரை ஏறும், எம்பி1584 க்கு எல்லை 28. அவர்கள் எல்எம்2596 ஐயே எடுக்கலாம், எடுத்ததும் இன்புட் கப்பாசிட்டரில் 50 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், 35 என்று இருந்தால் மாற்றிவிட்டு மாட்டுங்கள்.